ஓபிடி நாட்களும் இன்டர்ன்ஷிப்பும்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

மே மாதம் இங்கே டெக்சாஸில் டேட்டா சயன்ஸில் எம்.எஸ். முடித்தேன். படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர் தன் துறையில் வேலை செய்ய அமெரிக்க அரசு தரும் தற்காலிக அனுமதியான ஓபிடி அட்டை வந்துவிட்டது, வேலைதான் வரவில்லை. அட்டையில் உள்ள தொடக்கத் தேதியிலிருந்து 47 நாள் ஓடிவிட்டது. முழுநேர வேலைக்குப் பேசுகிறவர்கள் ஸ்பான்சர்ஷிப் (விசாவுக்காக நிறுவனம் மனுப்போடுவது) என்றதும் நிறுத்திக்கொள்கிறார்கள். இன்டர்ன்ஷிப்புக்குப் போட்டால், 'படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும்' என்கிறார்கள். ஒரு கன்சல்டன்சிக்காரர், பணம் கட்டினால் ஆஃபர் லெட்டர் தருகிறேன், வேலை கிடைக்கும்வரை காட்டிக்கொள் என்கிறார். அறைத் தோழர்கள் இருவர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கிடைத்தால் போகலாமா? எம்.எஸ். முடித்தவன் இன்டர்னாகப் போனால் மதிப்புக் குறையாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கன்சல்டன்சி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். செய்யாத வேலையைச் செய்வதாகப் பதிவது அரசிடம் பொய் சொல்வது. பின்னால் ஹெச்1பி வேலை விசா, கிரீன் கார்டு என்று போகும்போது சம்பளச் சீட்டு எங்கே, ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ2 எங்கே என்று கேட்பார்கள். இப்படிச் சந்தேகத்துக்குள்ளான நிறுவனங்களின் பெயர் தங்கள் ஓபிடி பதிவில் இருந்ததால் ஹெச்1பி விசா மறுக்கப்பட்ட இந்திய மாணவர்கள் சிலர் 2023இல் வழக்குப் போட்டார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் நாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். தெரிந்தே பணம் கட்டும் உங்களுக்கு அந்த வாதமும் மிஞ்சாது.

சம்பளமில்லாத வேலைக்குப் போகலாம், முதல் 12 மாத ஓபிடியில். வாரம் குறைந்தது 20 மணி நேரம் இருக்கவேண்டும், படித்த துறையோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்கவேண்டும். அப்படி இருந்தால், வேலையில்லாமல் இருக்கலாம் என்று விட்டிருக்கும் 90 நாள் கணக்கு அதோடு நிற்கும். நின்ற கணக்கு மறுபடி பூஜ்யத்துக்குப் போகாது. மிச்சம் உங்களுக்கு 43 நாள், சனி ஞாயிறு சேர்த்து. ஆனால் லாபத்துக்கு நடக்கும் நிறுவனம் உங்களிடம் முழு வேலை வாங்கிக்கொண்டு காசு தராமலிருப்பது தொழிலாளர் சட்டப் பிரச்சினையாகும். எனவே பல்கலைக்கழக ஆய்வகங்களையும் லாப நோக்கற்ற அமைப்புகளையும் தேடுங்கள். உங்கள் தீசிஸ் பேராசிரியரிடமே கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தரவை வைத்துக்கொண்டு ஆளில்லாமல் திணறும் ஆய்வகங்கள் எங்கும் உண்டு. அங்கே இன்னொரு வசதி: பின்னாளில் பல்கலைக்கழகமே உங்களை வேலைக்கு எடுத்தால், ஹெச்1பிக்கு ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் கிடையாது.

சேர்ந்ததும் மேற்பார்வையாளர் பெயர், தொடங்கிய தேதி, வார மணி நேரம், வேலைக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு எல்லாம் எழுதிய கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 10 நாளுக்குள், வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசு இணையதளமான செவ்ப் போர்ட்டலில் பதியவேண்டும். இந்த ஏற்பாடு இடைக்காலத்துக்குத்தான். உங்கள் படிப்பு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் அடங்கிய ஸ்டெம் பட்டியலில் இருந்தால் (பல்கலைக்கழகம் தந்த ஐ20 படிவத்தில் சிஐபி என்ற படிப்புக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள்) இன்னும் 24 மாதம் கிடைக்கும். அதற்குச் சம்பளம் கட்டாயம், நிறுவனம் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபையில் இருக்கவேண்டும், ஐ983 என்ற பயிற்சித் திட்டத்தில் அவர்கள் கையெழுத்திடவேண்டும்.

ஸ்பான்சர்ஷிப் கேள்விக்கு வருகிறேன். இப்போதோ பின்னரோ தேவைப்படுமா என்று கேட்டால் ஆம் என்றே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். ஆனால் வெறும் ஆமோடு விடுவதுதான் தவறு. ஓபிடியில் இருப்பவரை எடுக்க நிறுவனம் அரசுக்கு ஒரு டாலர்கூடக் கட்டவேண்டியதில்லை, விசாவுக்கு மனுப்போட வேண்டியதில்லை. சிறிய நிறுவனங்களில் ஆளெடுக்கிறவர்கள் பலருக்கு இது தெரியாது. விசா என்றதும் வக்கீல் செலவு என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். மின்னஞ்சலின் இரண்டாவது பத்தியிலேயே எழுதுங்கள்: இன்ன தேதிவரை வேலை செய்ய எனக்கு அனுமதி இருக்கிறது, உங்களுக்கு அதற்கான செலவு எதுவும் இல்லை, ஸ்டெம் நீட்டிப்பு கிடைத்தால் மேலும் 2 ஆண்டு. பெரிய நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் இதை எழுத இடமே இருக்காது. இருபது முப்பது பேர் உள்ள நிறுவனங்களைத் தேடச் சொல்வது அதனால்தான். அவர்களிடம் இன்டர்ன்ஷிப் என்றே கேட்கவேண்டாம். மூன்று மாதத்தில் முடியும் ஒரு வேலையைச் சொல்லி, அதைச் செய்து தருகிறேன் என்று கேளுங்கள்.

மதிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஓபிடிக்குப் பதவியின் பெயர் முக்கியமில்லை. கேட்டால் 'அனலிஸ்ட்' என்று போட்டுத் தருகிறவர்களும் உண்டு.

இந்த வாரமே, வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக அலுவலரான டிஎஸ்ஓவைப் பாருங்கள். நான் வக்கீல் அல்ல, விதிகளும் மாறக்கூடியவை. எதுவும் அமையாவிட்டால் வேறு படிப்புக்கு மாறுவதா, ஊருக்குத் திரும்புவதா என்பதை 90ஆம் நாளுக்கு முன்பே முடிவு செய்தாகவேண்டும். 85ஆம் நாள் போய் நின்றால் அவரால் செய்யமுடிவது மிகக் குறைவு.