சர்க்கரை டப்பாவில் உப்பு

கேள்வி: என் மகள் இணையத்தில் ரசிகர் புனைகதை எழுதுகிறாள், அதாவது தனக்குப் பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்துத் தானே புதுக் கதை. கதைக்கு மேலேயே ‘முக்கியப் பாத்திரம் இறக்கும்’ என்று லேபிள் ஒட்டிவிடுகிறாள். முடிவைச் சொல்லிவிட்டால் அப்புறம் கதை எதற்கு? வாசகருக்கு இவ்வளவு சொல்ல எழுத்தாளர் கடமைப்பட்டவரா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: லேபிள் என்றீர்களே, எங்கள் வீட்டு அடுக்களையில் லேபிளை நம்பினவர் கெட்டார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு, பூஸ்ட் பாட்டிலில் கடுகு, போன்விட்டா டப்பாவில் ரேஷன் கார்டு. வீட்டு மனிதர்களுக்குக் குழப்பமே இல்லை. போன பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளைதான் மாட்டிக்கொண்டார். ‘சர்க்கரை’ என்று என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்த டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்துக் காபியில் போட்டுக் கலக்கினார். உப்பு. கும்பகோணத்துக்காரரிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, மரியாதைக்காகப் பாதி டம்ளர் குடித்தும் விட்டார். அவர் ஊருக்குப் போனதும் என் மனைவி கேட்டாள்: “லேபிளே இல்லாம இருந்திருந்தா நாக்குல வச்சுப் பாத்திருப்பாருல்ல?”

உங்கள் மகளின் உலகத்திலும் இதே சட்டம்தான். 2009 முதல் வாசகர்களுக்குத் திறந்திருக்கும் ஏஓ3 (Archive of Our Own) என்ற ரசிகர் புனைகதைத் தளத்தில் தனிப்பெட்டி வைத்திருக்கும் எச்சரிக்கைகள் நான்கே நான்கு: கொடூர வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், பாலியல் வன்கொடுமை, சிறார் தொடர்பான பாலியல். கதையின் திருப்பத்தைக் காட்டிக்கொடுக்க மனமில்லையா? ‘எச்சரிக்கை தர விரும்பவில்லை’ என்று இன்னொரு பெட்டி இருக்கிறது, அதில் ஒரு டிக் போதும். வாசகர் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வார். ‘எந்த எச்சரிக்கையும் பொருந்தாது’ என்று போட்டுவிட்டு உள்ளே நாயகனைக் கொன்றால்தான் விதிமீறல். கடமை அவ்வளவுதான். கதைக்கு மேலே ஒட்டும் கூடுதல் குறிச்சொற்கள் (டேக்) எழுதுகிறவர் இஷ்டம். இஷ்டம் என்றதும் ஒருவர் ஒரே கதைக்கு ஆயிரத்துக்கும் மேல் ஒட்டிவிட்டார், கைபேசியில் விரலால் தள்ளத் தள்ளக் கதையே வரவில்லை. அந்த ரகளை நடந்த 2021-லேயே 75-க்கு மேல் கூடாது என்று வரம்பு வந்தது.

முடிவு தெரிந்தால் ருசி போய்விடும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். குறுந்தொகையில் ‘யாயும் ஞாயும்’ பாட்டின் கீழ்க்குறிப்பைப் பாருங்கள்: கூடிய பின் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகம் வேறுபட்டதைக் கண்டு தலைவன் சொன்னது. யார், யாரிடம், எப்போது, எதற்கு எல்லாம் அதில் இருக்கிறது. ஒட்டியவர் பாட்டை எழுதிய செம்புலப்பெயல்நீரார் இல்லை, பின்னால் வந்த யாரோ ஒரு புண்ணியவான். அதைப் படித்துத் தொலைத்ததால் செம்மண்ணில் மழை கலக்காமல் நின்றுவிட்டதா என்ன?

எனக்கு எரிச்சல் வேறொரு லேபிளின் மேல்தான். அணிந்துரை. போன மாதம் மதிப்புரைக்கு ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. மொத்தம் 64 பக்கம், அதில் 22 பக்கம் அணிந்துரைகள். எழுதிய நான்கு பேருக்கும் கவிஞர் ‘காலத்தின் குரல்’. உள்ளே போனால் உப்புகூட இல்லை. ‘பாதியில் தூக்கம் வரும்’ என்று நால்வரில் ஒருவராவது எச்சரித்திருக்கலாம். கவிஞரோ வாரம் இரண்டு முறை போன் செய்கிறார், மதிப்புரை எப்போது வரும் என்று. ‘எச்சரிக்கை தர விரும்பவில்லை’ என்று டிக் அடிக்க எங்கள் அலுவலகத்திலும் ஒரு பெட்டி இருந்தால் தேவலை.