டெங்கு ஒருமுறை வந்தால் திரும்ப வராதா?

"அண்ணை, போன மாரியில டெங்கு வந்திட்டுது, இனி வராதுதானே?" என்று கிளிநொச்சித் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வரும் தம்பி. டெங்கு வைரஸில் நாலு வகை. வந்து போன வகைக்கு மட்டும்தான் நீண்டகாலக் காப்பு, மற்ற மூன்றுக்கும் சில மாதம் தாங்கும், அவ்வளவுதான். பிறகு வேறு வகை வந்தால், போன தரம் கிருமியோடு சண்டைபிடிக்க உடம்பு செய்த பழைய எதிர்ப்புப்பொருள் அதைக் கொல்லாமல் சும்மா ஒட்டிக்கொண்டு உடம்புக் கலத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்விடும், காவற்காரனே கள்ளனுக்குப் படலையைத் திறந்துவிட்ட மாதிரி. அதனால்தான் இரண்டாம் தரம் இரத்தக்கசிவுக் காய்ச்சலாக மாறும் ஆபத்துக் கூட (எல்லாருக்கும் அப்படி ஆகாது, பயப்படாதீர்கள்). 2017இல் இலங்கையில் இரண்டாம் வகை பரவியபோது 180,000 பேருக்கு மேல் படுத்தார்கள். காய்ச்சல் விடும் நேரம்தான் கவனம்: வயிற்றுக்குத்து, ஓயாத சத்தி என்றால் உடனே ஆஸ்பத்திரி. நோவுக்குப் பரசிட்டமோல் மட்டும், அஸ்பிரின் கூடவே கூடாது.