கணக்கு வாத்தியார் பதில்கள்: ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

சார், முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் நோட்டு அட்டையில் 293318625600 என்று எழுதி வைத்துக்கொண்டு, "இது ராமானுஜனே விட்டுவிட்ட எண்" என்கிறாள். நிஜமா, கதையா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

நிஜம்தான் அம்மா. மகளோடு பந்தயம் கட்டியிருந்தால் பணத்தை எடுத்து வையுங்கள்.

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படிக் காரணிக் கணக்கில் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் முந்துகிற எண்களைப் பற்றி, கேம்பிரிட்ஜில் இருந்தபோது ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டு அவருக்கு பி.ஏ. பட்டம் கிடைத்ததே அதற்காகத்தான். அதிலுள்ள பட்டியல் 6746328388800 வரை போகிறது. 195545750400 இருக்கிறது, 321253732800 இருக்கிறது. நடுவில் வர வேண்டிய உங்கள் மகளின் எண்ணைக் காணோம். கையால் போட்ட கணக்கில் ஒன்று நழுவியது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மற்றதை எல்லாம் பிடித்தாரே, அதுதான் மிரட்டுகிறது.

சரி, இதற்கு எத்தனை காரணிகள்? பகா எண்களாக உடைத்தால் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு தடவை, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை வரும். ஒரு காரணியை உருவாக்க 2-ஐ எடுக்காமலே விடலாம், ஆறு வரை எடுக்கவும் செய்யலாம். ஆக ஏழு வழி. மற்றவற்றுக்கும் அப்படியே ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2 = 5040.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். இந்த 5040-உம் அதே பட்டியலில் இருக்கிற எண். அதற்குக் காரணிகள் 60. அந்த 60-உம் பட்டியலில் உண்டு, அதற்கு 12. பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4. எல்லாமே பட்டியல்காரர்கள்! நாலுக்கு 3 காரணிகள். அங்கேதான் சங்கிலி அறுகிறது. 2-க்கும் இரண்டு, 3-க்கும் இரண்டு என்பதால் 3 யாரையும் முந்தவில்லை.

உங்கள் கடை கால்குலேட்டரில் 12 இலக்கம் விழுமென்றால் இந்த எண் கச்சிதமாக அடங்கும். 1 முதல் 22 வரை எதால் வகுத்தாலும் மிச்சமில்லாமல் போகும். 23-இல் மாட்டும்.

இதன் இலக்கங்களைக் கூட்டினால் 45, அதைக் கூட்டினால் 9. ராசியான எண்தானே?
– அதே வாசகி

9-ஆல் வகுபடும் எந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போனாலும் 9-தான் வரும். 321253732800-ஐயும் கூட்டிப் பாருங்கள். வண்டி நம்பருக்கு இதையெல்லாம் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

ராமானுஜனுக்கும் நம்ம கடலூர் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா சார்?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம்

உண்டு தம்பி. 1910-இல் அவர் வேலை கேட்டுப் போனது திருக்கோவிலூருக்கு. அன்றைக்கு அது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டம். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த அவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலை எதுவும் போட்டுக் கொடுக்கவில்லை. சென்னையில் இருந்த கணக்கு நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.