மகள் நடிக்கவும் படம் எடுக்கவும் போகிறேன் என்கிறாளா?

பி.காம். கடைசி வருடம் படிக்கும் மகள் "நடிப்பேன், சொந்தமாகப் படமும் எடுப்பேன்" என்று நிற்கிறாள். தடுப்பதா, விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுத்தால் ஆசை போய்விடாது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். முதலில் பேசி முடிக்க வேண்டியது வேறு: அடுத்த மூன்று வருடம் அவளுடைய வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்கிருந்து பணம் வரும்?

குறும்படத்தில் போட்ட காசு திரும்பாது என்றே கணக்குப் போடுங்கள். புதிதாக வரும் நடிகருக்குச் சம்பளமும் எப்போதாவதுதான். ஆகவே கூடவே ஒரு தொழில் கையில் வேண்டும். எங்கள் பரிந்துரை எடிட்டிங். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே பழகப் போதும். கல்யாண வீடியோ, யூடியூப் சேனல், கடை விளம்பரம் என்று சிறு வேலைகள் ஊரெங்கும் இருக்கின்றன. தன் நடிப்பைத் தானே வெட்டி ஒட்டும்போது எங்கே மிகையாகச் செய்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். பி.காம். படிப்பும் வீண் இல்லை. விஜய் சேதுபதியும் பி.காம்.தான், சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் கணக்கு வேலை பார்த்தபடியே நடிப்பைக் கவனித்தவர்.

படிப்பு என்றால் புனே திரைப்படக் கல்லூரி, டெல்லி தேசிய நாடகப் பள்ளி இரண்டுக்கும் பட்டம் வேண்டும், போட்டியும் கடுமை. நாடகப் பள்ளியில் நாடக அனுபவமும் கேட்பார்கள். அதனால் இப்போதே ஒரு நாடகக் குழுவில் சேரட்டும். "கோர்ஸ் முடித்தால் வாய்ப்பு உறுதி" என்று லட்சங்களில் கேட்கும் இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். வாய்ப்பை எந்தப் பள்ளியாலும் உறுதி செய்ய முடியாது.

அந்தப் பணத்தில் சின்னப் பங்கை முதல் குறும்படத்துக்கு ஒதுக்குங்கள். எட்டு நிமிடம், இரண்டு பாத்திரம், ஒரே வீடு. அதற்கு மேல் ஆசைப்பட்ட முதல் படங்கள்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கின்றன. கேமரா போனிலேயே இருக்கிறது, கெடுவது ஒலிதான். மைக் பேசுபவரின் வாயிலிருந்து ஒன்றிரண்டு அடிக்குள் இருக்க வேண்டும். மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜை நிறுத்தும்போதே வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடச் சொல்லுங்கள். திரும்பப் போடாமல் யாரும் கிளம்ப முடியாது. ஒவ்வொரு அறையிலும் எல்லோரும் வாய்மூடி நிற்க, ஒரு நிமிட வெற்று ஒலியைப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பின்னணி இரைச்சல் துள்ளும், எடிட்டிங்கில் நிரப்ப ஒன்றும் இருக்காது.

அடுத்தது டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் என்பது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி விழும் நேரம், நொடிக் கணக்கில். போன் தானாக 1/60 ஷட்டருக்குப் போனால் படத்தில் கறுப்புப் பட்டைகள் நகரும். 1/50 அல்லது 1/100 என்று கையால் பூட்டி வைக்க வேண்டும்.

தானே இயக்கித் தானே நடிப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மற்றவர்களைக் காக்க வைக்கக் கூடாதென்று தன் க்ளோசப்பைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். அதற்குள் வெளிச்சம் போய்விடும். படத்திலேயே முக்கியமான முகம் ஒரே டேக்கில் முடிந்துவிடும். மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த ஷாட் என்று அட்டவணையிலேயே எழுதிவிட வேண்டும். அவள் கேமரா முன்னால் நிற்கும்போது "இன்னொன்று போகலாம்" என்று சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆள் நண்பர் என்பதற்காகத் தலையாட்டுபவராக இருந்தால் பிரயோஜனமில்லை.

மெமரி கார்டை இரண்டு டிரைவில் நகலெடுத்துத் திறந்து பார்த்த பிறகே அழிக்க வேண்டும். நடித்தவர்களிடமும் வீட்டுக்காரரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். சினிமாப் பாட்டு பின்னணியில் ஓடக்கூடாது. உரிமை இல்லாத பாட்டு இருந்தால் யூடியூபிலும் சிக்கல், விழாக்களிலும் சிக்கல்.

படம் முடிந்த ராத்திரியே யூடியூபில் போட்டுவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் அவசரம். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தை ஏற்காத விழாக்கள் பல. மும்பை சர்வதேசத் திரைப்பட விழா, திருவனந்தபுரம் குறும்பட விழா போன்றவற்றின் விதிகளைப் படித்துவிட்டு அனுப்பட்டும். மாதாமாதம் விருது கொடுக்கும் இணைய விழாக்களுக்குக் கட்டணம் கட்டுவது தண்டச்செலவு.

ஆடிஷன் வீடியோவுக்கு வெற்றுச் சுவர், முகத்துக்கு நேரே ஜன்னல் வெளிச்சம், கண் மட்டத்தில் போன், இவை போதும். எதிர் வசனம் படிப்பவர் கேமராவை ஒட்டி நிற்க வேண்டும். தள்ளி நின்றால் அவள் கண்கள் தெரியாது. ஆடிஷனுக்குக் காசு கேட்டால் அது ஆடிஷன் இல்லை. ஹோட்டல் அறைக்குத் தனியாக வரச் சொன்னால் போக வேண்டாம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013 சட்டம். "யார் அந்தக் குழுவில்?" என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்பதில் தவறில்லை.

இரண்டு வருடம் கழித்து அவளிடம் மூன்றைக் கேளுங்கள்: முடித்த படம் ஒன்று, மாதாமாதம் எடிட்டிங் வேலை தரும் வாடிக்கையாளர் ஒருவர், தன் நடிப்பிலிருந்து வெட்டிய ஒன்றரை நிமிட ரீல். இரண்டு இருந்தால் இன்னும் ஒரு வருடம் கொடுக்கலாம். ஒன்றுமே இல்லையென்றால் முழுநேர வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதியில் நாடகம் என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.