வாடகை குறையும், மாமி கிடைப்பாரா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 22,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டரில் அதே அளவு வீடு 12,000-க்குக் கிடைக்கிறது. கணவருக்குப் பாரிமுனையில் வேலை. எனக்கு தி.நகர் ஜவுளிக்கடையில், கிளம்ப இரவு எட்டரை ஆகிவிடும். மகள் இரண்டாம் வகுப்பு. நாங்கள் வரும்வரை கீழ்வீட்டு மாமி பார்த்துக்கொள்கிறார். போகலாமா?
- ஒரு வாசகி, சென்னை-33

பதில்: மாதம் 10,000 என்றால் வருடத்துக்கு 1,20,000 ரூபாய். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் போகிறபோக்கில் எழுதிவிட்ட அந்த மாமியை முதலில் கணக்கில் சேருங்கள், சகோதரி. பள்ளி விட்டு வரும் குழந்தைக்குக் கதவைத் திறந்து, ஒரு தோசை வார்த்துப் போட்டு, வீட்டுப்பாடம் எழுத வைக்கிற ஆள் புது ஊரில் முதல் மாதமே அமையமாட்டார். டே கேர் தேட வேண்டும். இரவு ஏழுக்கு மேல் வைத்துக்கொள்வார்களா என்றும் கேட்க வேண்டும். பள்ளி வேன் தனி.

ரயில் செலவு பெரிதில்லை. சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் மலிவாகவே போய்வரலாம். இருவருக்கும் ஒரே தடத்தில் வேலை என்பதும் அதிர்ஷ்டம்தான். பணம் கரைவது அந்த மூன்று கிலோமீட்டரில். காலையில் கணவரோடு பைக்கில் வந்துவிடலாம். இரவில்? மின்சார ரயில்கள் பலவும் தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருந்து போய் இறங்கினால் ஷேர் ஆட்டோ இருக்கிறதோ இல்லையோ. தினமும் தனி ஆட்டோ கட்டுப்படியாகாது. அப்புறம் இரண்டாவது வண்டி, பெட்ரோல், ஸ்டாண்டுக் காசு. நான் ஊரப்பாக்கத்தில் இருந்த மூன்று வருடமும் ஐப்பசி பிறந்தால் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீடு சேர்ந்தேன். எனவே 2015 மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள். போர் தண்ணீர் உப்பா என்பதையும் அவரே சொல்லிவிடுவார். உப்பு என்றால் கேன் தண்ணீர்ச் செலவும் உண்டு.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால் தயங்காமல் பேரம் பேசுங்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைதான் வரம்பு.

என்னைக் கேட்டால் இந்த வீடு வேண்டாம். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் பாருங்கள். வாடகையில் மூன்று, நாலாயிரம் கூடினாலும் பரவாயில்லை. இல்லை, கூடுவாஞ்சேரிதான் என்றால், ஒரு வேலை நாளில் கடை முடிந்ததும் ரயிலேறி அந்த வீட்டு வாசல்வரை போய்ப் பாருங்கள். அன்றைக்கு வர நேரமாகும் என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.