வரி கேள்வி-பதில்: பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை

கேள்வி: மாதம் 80,000 ரூபாய் சம்பளம் வாங்கும் நான் ஒழுங்காக வருமான வரி கட்டுகிறேன். ஒரு பைசா வரி கட்டாதவர்களுக்கு என் பணத்தை எடுத்து மாதம் 1,000 ரூபாய் கொடுப்பது நியாயமா? (வாசகர், கோவை)

பதில்: ஆண்டுக்கு 9.6 லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு, 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் வருமான வரியே கிடையாது, சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை இதே நிலைதான். சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 16-ஐ எடுத்துப் பார்த்துவிட்டு, எந்த வரியைக் கட்டினீர்கள் என்று எழுதுங்கள். மகளிர் உரிமைத் தொகை பெறும் பெண் குளியல் சோப்பு வாங்கும்போது 5 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறார். நீங்கள் கட்டுவதும் அதே 5 சதவீதம்தான். ஆண்டுக்கு 13,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் ஒரு திட்டத்தைவிட முக்கியமான செலவு வேறு உண்டா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். 'என் பணம்' என்ற உரிமைப் பேச்சுத்தான் கணக்கில் நிற்காது.

கேள்வி: உணவகப் பில்லில் வரும் சர்வீஸ் சார்ஜ் அரசுக்குப் போகிறதா?

பதில்: இல்லை, அது உணவகத்துக்கே போகிறது. அதைக் கட்டாயப்படுத்த முடியாது. நீக்கச் சொல்லுங்கள், திருத்திய பில்லையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 90 லட்சத்துக்கு மனை பேசியிருக்கிறேன். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 50 லட்சம்தான் வருகிறது. அந்தத் தொகைக்கே பதிந்துவிட்டு மீதியை ரொக்கமாகத் தரும்படி விற்பவர் சொல்கிறார். எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்? எப்படியும் நாம் கட்டுகிற வரியில் எங்கள் தெருவுக்கு ஒரு மழைநீர் வடிகால்கூட வரவில்லை. (வாசகர், தாம்பரம்)

பதில்: இந்தக் கடிதம் ஊர் பெயர் மட்டும் மாறி மாதந்தோறும் எனக்கு வந்துகொண்டிருக்கிறது. வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வைக்கான குறைந்தபட்ச அளவே அன்றி உங்கள் மனையின் விலை அன்று. கொடுத்த விலையைப் பத்திரத்தில் எழுதுவதுதான் சட்டம்.

சரி, சட்டத்தை ஒதுக்கிவிட்டு உங்கள் லாபத்தையே பார்ப்போம். தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவீதம் என்று வைத்தால், 40 லட்சத்தை மறைப்பதால் இன்று 3.6 லட்சம் மிச்சமாகும். சில ஆண்டுகள் கழித்து நீங்கள் விற்கும்போது, வாங்குபவர் வங்கிக் கடன் எடுப்பவராக இருந்து முழு விலையையும் பத்திரத்தில் எழுதச் சொன்னால், உங்கள் அடக்க விலை 50 லட்சம் என்றே கணக்கிடப்படும். கைக்கு வராத அந்த 40 லட்ச லாபத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 5 லட்சம் ரூபாய், மூலதன ஆதாய வரியாகக் கட்டுவீர்கள். விற்பவருக்கும் இதைச் சொல்லுங்கள்: மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதற்கும் இணையான அபராதம் அவர் தலையில் விழலாம்.

நாளை சாலை அகலப்படுத்த அரசு உங்கள் மனையை எடுத்தால் என்ன ஆகும்? 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களின் விலையையும் வைத்தே சந்தை மதிப்பை நிர்ணயிக்கிறது. தெருவில் எல்லோரும் பாதி விலையை எழுதி வைத்துவிட்டு, இழப்பீடு குறைவு என்று ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பேரம் பேசிய உண்மையான விலைக்கு அவர்களில் ஒருவரிடமும் காகிதம் இருக்காது. வடிகாலைக் கேட்டீர்கள் அல்லவா? அந்த 7 சதவீதத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சி அமைப்புக்குச் சேரும் சொத்து மாற்று வரி. நீங்கள் மறைக்கும் 40 லட்சத்தில் உங்கள் மாநகராட்சிக்குச் சேர வேண்டியது 80,000 ரூபாய். அதைக் கொடுக்காமல் இருக்க வழி கேட்கும் அதே கடிதத்தில் வடிகாலைப் பற்றியும் புகார் எழுத உங்களால் எப்படி முடிகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முழுத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்ரோலை ஏன் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரவில்லை?

பதில்: இரண்டு அரசுகளுக்கும் மனமில்லை என்பதால்தான். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது மாநிலங்கள் கையில் மிஞ்சிய பெரிய வரிகள் எரிபொருளும் மதுவும். அவற்றை விட்டுத்தர எந்தக் கட்சியின் நிதியமைச்சரும் முன்வரமாட்டார். மத்திய அரசுக்கோ, பெட்ரோல் மீதான வரியில் பெரும்பகுதி செஸ், சிறப்புக் கூடுதல் தீர்வை போன்ற பெயர்களில் வருகிறது. அதை மாநிலங்களுடன் பகிர வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் வரிப்பணம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. யாரைக் கேட்பது?

பதில்: எந்த ஊர், அது ஊராட்சியா நகராட்சியா என்று எழுதாமல் கேட்டால் நானும் பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஊராட்சி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். வரவு செலவு கணக்கை அங்கேயே கேளுங்கள். நகரம் என்றால் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு கொடுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். 'வரிப்பணம் எங்கே' என்று எழுதாமல், குறிப்பிட்ட தெருவின் பெயர், ஆண்டு, ஒப்பந்தத் தொகை, அளவீட்டுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல் என்று கேளுங்கள். மனுவின் நகலையும் அஞ்சல் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொத்து வரியை நிறுத்தி வைத்தால் தேர்தல் நேரத்தில் தள்ளுபடி வருமா?

பதில்: வராது, தனி வட்டிதான் ஏறும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாள்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகையாகக் கழியும்.