ஈஸ்ட்டில் டிஎன்ஏ உடைப்பு சரியாவதைச் சின்ன ஊர்க் கல்லூரி லேபில் பார்க்க முடியுமா?

முடியும். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. படிக்கும்போது நான் செய்தேன். நீங்கள் ப்ராஜெக்ட்டுக்குத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "அதெல்லாம் பெங்களூரில் செய்வது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

எங்களிடம் இருந்தது, காலக்டோஸ் கொடுத்தால் எச்ஓ என்ற நொதியை உண்டாக்கும் ஈஸ்ட். அது மூன்றாம் குரோமோசோமில் மேட் என்ற ஓரிடத்தில் இரண்டு இழையையும் வெட்டும். அந்த இடத்துக்கு இருபுறமும் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) வைத்து, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் ஓட்டி ஜெல்லில் பார்த்தால், வெட்டு விழ விழ பேண்ட், அதாவது அந்த டிஎன்ஏ தெரியும் பட்டை, மங்கும். அப்புறம் குளுக்கோஸ் சேர்த்து நொதியை நிறுத்தினால், உடைப்பு சரியாகச் சரியாக பேண்ட் திரும்ப வரும்.

எனக்கு மூன்று வாரம் பேண்ட் மங்கவே இல்லை. தொடக்கத்திலும் இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரே தடிமன். பிரைமரை மாற்றினேன், காலக்டோஸ் பாட்டிலை மாற்றினேன். தப்பு முந்தின ராத்திரியே நடந்திருந்தது. ஒய்பிடியில், அதாவது குளுக்கோஸில், வளர்த்த செல்லில் அப்படியே காலக்டோஸைச் சேர்த்திருந்தேன். குளுக்கோஸ் இருக்கிறவரை காலக்டோஸ் ஜீன்கள் அசையாது. அந்த ஜீன்களைத் தடுக்காத உணவில் வளர்க்க வேண்டும். ராஃபினோஸ் என்ற சர்க்கரை வாங்கக் காசில்லை, லாக்டேட்டில் வளர்த்தேன். அடுத்த ஜெல்லில் ஒரு மணி நேர மாதிரி ஓடிய இடத்தில் லேசாக ஒரு நிழல்தான். லேப் அண்ணாச்சி "ஏம்மா, ஏழரை ஆயிட்டு, பூட்டணும்" என்றார். எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனசில்லை.

எச்ஓ ஈஸ்ட் கிடைக்காவிட்டால், உடைப்பைச் சரிசெய்யத் தேவையான ராட்52 ஜீனை நீக்கிய ஈஸ்ட்டையும் சாதாரண ஈஸ்ட்டையும் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் எம்எம்எஸ் என்ற ரசாயனம் கலந்த தட்டில் 5 மைக்ரோலிட்டர் சொட்டுகளாக வையுங்கள். ராட்52 இல்லாதது வளராது. "எம்எம்எஸ் நேராக இரட்டை இழையை உடைக்காதே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். தெரியும், டிஎன்ஏ நகலெடுக்கும்போதுதான் அது உடைப்பாக மாறுகிறது. தொடக்கத்துக்கு அந்தச் சோதனை போதும் என்றுதான் சொல்கிறேன். எம்எம்எஸ் புற்றுநோய் உண்டாக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஈஸ்ட்டுக்கு 30 டிகிரி வேண்டும். மே மாதம் நம்ம ஊரில் அறையே அதைத் தாண்டிவிடும். சாதா இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும். குளிரவும் வைக்கும் பிஓடி இன்குபேட்டரை இப்போதே கேட்டு வையுங்கள். நான் படித்து முடித்த பிறகு ஒரு பெரிய நிறுவன நேர்காணலில் "உங்கள் கல்லூரியில் பிசிஆர் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். என் ஜெல் படத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

லாக்டேட்டில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வளரும். ஒரு நாள் முன்னதாகவே போட்டு வையுங்கள்.